குழியும் மேடும் ஒரே சொல்லில்

நேயர்களுக்கு வணக்கம். வேல்ஸ் நாட்டின் வெல்ஷ் மொழியில் தோண்டுவதற்கு ‘க்லொத்யோ’ என்பார்கள். அதிலுள்ள ‘த்’, ‘அது’ என்னும்போது வரும் மெல்லோசை. ‘பத்து’ போல அழுத்தக்கூடாது.

இதன் பெயர்ச்சொல் ‘க்லௌத்’. பள்ளத்துக்கும் அதுதான் பெயர், கரைக்கும் அதுதான் பெயர். பள்ளம் வெட்டிய மண்ணைப் பக்கத்திலேயே கொட்டினால் கரை எழும்பிவிடும். ஒரே வேலையில் இரண்டும் பிறப்பதால் ஒரு சொல் போதுமாயிற்று. நம் ‘அகழி’ பள்ளத்தோடு நின்றுவிடுகிறது. 8-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த மெர்சியா அரசை ஆண்ட ஆஃபா மன்னரின் எல்லைக் கரைக்கு ‘க்லௌத் ஆஃபா’ என்று பெயர். அதன் பள்ளம் வேல்ஸ் பக்கம் இருக்கிறது. மேற்கிலிருந்து வருகிறவர் பள்ளத்தில் இறங்கித்தான் கரை ஏற வேண்டும். இன்று சில வட்டாரங்களில் வயலோரக் கல்மண் சுவரும், வேறு சில இடங்களில் செடிவேலியும் ‘க்லௌத்’தான். ஊர் தெரியாமல் பொருள் சொன்னால் தவறிவிடும்.

கடைசி அசையில் இருக்கும் ‘ஔ’, பின்னால் ஓர் அசை சேர்ந்ததும் ‘ஒ’ ஆகிவிடுகிறது. க்லௌத், க்லொத்யோ என்று மாறுவது அப்படித்தான். இடத்தைக் குறிக்கும் ‘வா’ சேர்ந்தால் ‘க்லொத்வா’, அதாவது சுரங்கக்குழி. அதே குடும்பத்தில் ‘க்லாதி’ என்றால் புதைத்தல், ‘க்லாத்வா’ இடுகாடு. ஓர் உயிரெழுத்தைத் தவறவிட்டால் சுரங்கம் இடுகாடாகிவிடும், கவனம்.

புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் அகராதி. சொல்லின் முதல் மெய் முன்னிருக்கும் சொல்லுக்கேற்ப மாறும். ‘தோண்டுவதற்கு’ என்னும்போது ‘இ’ முன்னால் வர, ‘க்’ ஒலிக்கு எழுதும் சி எழுத்து ஜி ஆகி, தமிழின் ‘தங்கம்’ என்பதில் வரும் ககர ஒலி கேட்கும். ‘தோண்டவும்’ என்னும்போது ‘உம்’ பொருள் தரும் ‘அ’ முன்னால் வந்தால் சி-எச் ஆகித் தொண்டையில் உரசும். ஜி-யில் தேடிக் கிடைக்காவிட்டால் சி-யில் தேடுங்கள்.

தோட்டத்தை மண்வெட்டியால் கொத்திவிடுவதற்கு இந்த வினை பொருந்தாது. அதற்கு ‘பலு’ உண்டு. லத்தீனிலிருந்து வந்த ‘பால்’ என்னும் மண்வெட்டியின் பெயரிலிருந்து பிறந்தது. வாய்கூசாமல் பொய் சொல்பவரையும் ‘பொய்களைக் கொத்துகிறார்’ என்று இதே வினையால் சொல்வார்கள். தெற்கே இது ‘பலி’ என்று ஒலிக்கும். வடக்கே ஈற்றுயிர் நம் குற்றியலுகரத்துக்கு நெருக்கம். ‘அது’ என்று முடிப்பதுபோல இதழைக் குவிக்காமல் சொல்லிப் பாருங்கள்.