கடற்பாசிச் சாறு பாக்டீரியாவைத் தடுத்தது, சரி... அப்புறம்?

[திரையில்: பெட்ரி தட்டு. நடுவில் ஒரு சின்ன தாள் வில்லை, அதைச் சுற்றித் தெளிவான வளையம்.]

இந்த வளையத்தைப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் தாள் வில்லை, அதில் ஒரு கடற்பாசியின் சாறு ஊறியிருக்கிறது, சுற்றிலும் பாக்டீரியா வளரவில்லை. இதை வைத்தே "கடற்பாசியிலிருந்து புதிய ஆன்டிபயாடிக்" என்று தலைப்புப் போடுகிறவர்கள் உண்டு. அவ்வளவு சீக்கிரம் வேண்டாம். இந்த வளையம் நம்மை எங்கெல்லாம் ஏமாற்றும் என்பதுதான் இந்த வீடியோ. (அந்தத் தட்டில் ஜெல்லி மாதிரி இருக்கிற அகாரும் சிவப்புப் பாசியிலிருந்து எடுத்ததுதான். பாசி மேலேயே வைத்துப் பாசியைச் சோதிக்கிறோம்.)

[திரையில்: பாறையில் ஒட்டிய சிவப்பு, பழுப்பு, பச்சைப் பாசிகள்.]

முதலில், பாசியில் எதற்குத் தேட வேண்டும்? பாறையோடு ஒட்டிக் கிடக்கிறது, மீன் கடிக்க வந்தால் நகர முடியாது, மேலே பாக்டீரியா படிந்தால் தட்டிவிட முடியாது. அதனால் வேதிப்பொருள்தான் அதற்குக் கை கால் எல்லாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு, அதாவது உப்பு வடிவில் புரோமின், இருக்கிறது. சிவப்புப் பாசிகள் அதை எடுத்துத் தங்கள் மூலக்கூறுகளில் கோத்துக்கொள்கின்றன. நிலத்துச் செடிகளில் இப்படிப் புரோமின் கோத்த சேர்மங்களைப் பார்ப்பது அரிது. பழுப்புப் பாசிகளில் ஃபுளோரோடானின் (துவர்ப்புப் பொருள்), ஃபுகாய்டன் (சர்க்கரைப் பொருள்) என்று வேறு ஒரு கூட்டம்.

சரி, பாசியைப் பறித்தாயிற்று. இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள், இங்கேதான் நான் கொஞ்சம் நிற்கப் போகிறேன்.

[திரையில்: வரைபடத்தில் பிலிப்பைன்ஸ். அருகில் ஒரு சிவப்புப் பாசி.]

போர்ட்டியேரியா ஹோர்னேமன்னி என்று ஒரு சிவப்புப் பாசி. பிலிப்பைன்ஸில் சேகரித்த மாதிரியிலிருந்து ஹாலோமான் என்ற சேர்மத்தைப் பிரித்து, அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் 1992-ல் வெளியிட்டார்கள். சின்ன மூலக்கூறுதான், ஆனால் அதில் 2 புரோமின், 3 குளோரின். 60 வகை மனிதப் புற்றுச் செல்கள் கொண்ட சோதனையில் மூளை, சிறுநீரகம், பெருங்குடல் செல்களை அது குறிப்பாகத் தாக்கியது. எல்லோருக்கும் உற்சாகம். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அதே இடத்துக்குப் போய், அதே பாசியைப் பறித்து வந்து பார்த்தால், ஹாலோமான் இல்லை என்றே சொல்லும் அளவுக்குக் குறைவு! மருந்தாக வளர்த்தெடுக்கும் முயற்சி அங்கேயே தடுமாறியது. பல வருடம் கழித்து டிஎன்ஏ-வைப் படித்தவர்கள், பிலிப்பைன்ஸில் மட்டுமே அந்தப் பேருக்குள் 21 தனித்தனி இனங்கள் ஒளிந்திருப்பதாகக் கண்டார்கள், கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான். போதாததற்கு, ஒரே இனத்திலேயே ஆண், பெண், வித்து உண்டாக்கும் நிலை என்று வாழ்க்கைக் கட்டத்துக்கு ஏற்பவும் வேதியியல் மாறுகிறது.

ஆகவே இடம், ஆழம், தேதி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், ஒரு துண்டை ஹெர்பேரியத்துக்கும் (உலர்த்திய மாதிரிகளைப் பாதுகாக்கும் இடம்) ஒரு துண்டை டிஎன்ஏ-வுக்கும் ஒதுக்குங்கள். இதைச் செய்யாமல் வெறும் பேரை மட்டும் போட்டு வருகிற முடிவுகளை நான் பாதிதான் நம்புவேன்.

[திரையில்: உறைநிலையில் உலர்த்திய தூள், கரைப்பான் குடுவைகள்.]

சாறு எடுப்பது வேகமாக முடிந்துவிடும். மேலே ஒட்டியிருக்கிற பூச்சி, மற்ற பாசி எல்லாம் போகக் கழுவி, வெயிலில் காய வைக்காமல் உறைநிலையிலேயே உலர்த்தி, தூளாக்கி, ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால் என்று வரிசையாக ஊற வைத்து, கரைப்பானை ஆவியாக்கினால் மிஞ்சுவது பிசுபிசுப்பான பச்சை அல்லது பழுப்புப் பிசின். ஃபுகாய்டன் மாதிரிச் சர்க்கரைப் பொருள்கள் இவற்றில் வராது, அவற்றுக்குத் தண்ணீர்தான்.

[திரையில்: மறுபடி அந்த வளையம்.]

இப்போது வளையத்துக்கு வருவோம். பிசினைக் கரைக்க டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை ஊற்றினீர்களே, அதை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தீர்களா? வளையம் அதனாலும் வரலாம், மீதமிருக்கிற உப்பாலும் வரலாம், எல்லாப் பாசியிலும் இருக்கிற சாதாரணக் கொழுப்பு அமிலங்களாலும் வரலாம். பழுப்புப் பாசி என்றால் ஃபுளோரோடானின் கிடைத்த புரதத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டு எந்த நொதிச் சோதனையிலும் "வேலை செய்கிறது" என்று காட்டும். வளையத்தின் அகலத்தை வைத்து எது பலமான சாறு என்று சொல்லவும் முடியாது, எண்ணெய்த் தன்மை உள்ள பொருள் அகாரில் நகரவே நகராது. அதற்குத்தான் 96 குழித் தட்டில் செறிவைப் படிப்படியாகக் குறைத்து, எத்தனை மைக்ரோகிராமில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்க்கிறோம். கூடவே நல்ல செல்களிலும் போட்டுப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் கொல்லும் பொருளுக்குப் பெயர் விஷம்.

அப்புறம் அந்த டிபிபிஹெச் சோதனை. டிபிபிஹெச் என்ற ஊதா நிறப் பொருளோடு சாற்றைக் கலந்து, அந்த ஊதா மஞ்சளானால் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று எழுதிவிடுகிறார்கள். குழாயில் நிறம் மாறியது, அவ்வளவுதான். உடம்புக்குள் என்ன நடக்கும் என்று அது ஒன்றும் சொல்லாது.

இதற்கு நேர் எதிரும் உண்டு. ஆஸ்திரேலியக் கடலில் இருக்கிற டெலிசியா புல்க்ரா என்ற சிவப்புப் பாசியின் ஃபுரானோன்கள் என்ற சேர்மங்கள், பாக்டீரியாவைக் கொல்லாமலேயே அவை ஒன்றுக்கொன்று அனுப்பும் வேதிச் சமிக்ஞையைக் குழப்பிவிடுகின்றன. வளையத்தை மட்டும் தேடுகிறவர் இதைக் குப்பையில் போட்டிருப்பார்.

[திரையில்: நிறை நிறமாலை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சம உயரக் கோடுகள்.]

வளையம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பிசினைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி சோதித்து, வேலை செய்கிற பகுதியை மட்டும் மேலும் பிரிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே மூலக்கூறுகளின் எடையைக் காட்டும் நிறை நிறமாலையில் ஒரு பார்வை பாருங்கள், ஏற்கெனவே தெரிந்த பொருளுக்கு ஆறு மாதம் செலவழிக்காமல் இருக்க. புரோமினின் 79, 81 ஐசோடோப்புகள் (எடை மட்டும் வேறான அணு வகைகள்) கிட்டத்தட்ட சரிபாதி என்பதால், ஒரு புரோமின் உள்ள மூலக்கூறு 2 நிறை அலகு இடைவெளியில் இரட்டைக் கோடாகத் தெரியும். சிவப்புப் பாசியில் அதைப் பார்க்கும்போது ஒரு சின்ன சந்தோஷம் வரும்.

அந்தச் சேர்மத்தைத் தயாரித்தது பாசிதானா என்பது இன்னொரு கேள்வி. கஹலலைடு எஃப் என்ற சேர்மம் 1993-ல் ஹவாயில் ஒரு கடல் நத்தையில் கிடைத்தது. நத்தை அதை பிரையோப்சிஸ் என்ற பச்சைப் பாசியைத் தின்று பெறுகிறது என்றார்கள். பாசிக்குள் வாழும் ஒரு பாக்டீரியாதான் உண்மையில் தயாரிக்கிறது என்று 2019-ல் தெரிந்தது.

கிரிஃபித்சினுக்கு அதிர்ஷ்டம். நியூசிலாந்துச் சிவப்புப் பாசியில் கிடைத்த, எச்ஐவி-யைத் தடுக்கும் 121 அமினோ அமிலப் புரதம் அது. புரதம் என்பதால் மரபணுவைப் புகையிலையின் உறவுக்காரச் செடிக்குள் வைத்து நிறையத் தயாரித்துக்கொண்டார்கள், கடலுக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை. ஹாலோமானுக்கு அந்த வழி இல்லை. அதனால் உங்கள் தட்டில் வளையம் வந்தால், முதலில் ஃப்ரீசரைத் திறந்து அதே பாசி இன்னும் எத்தனை கிராம் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.