ஆள் மாறிக் கடத்தியவனுக்குக் காதலாம்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பிட்டுவிட்டு வந்தும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற அவையோரே, வணக்கம்.

தலைப்பை ஒரு தடவை நினைவுபடுத்திவிடுகிறேன். ‘தாய்லாந்து நாடகங்களில் கொடுமைக்கார நாயகனைத் திருத்துவது காதலா, குற்ற உணர்ச்சியா?’ எதிரணித் தலைவி இப்போதுதான் ‘காதலே’ என்று முடித்துவிட்டுப் போனார். நன்றாகவே பேசினார். என் அணியிலேயே இரண்டு பேர் கைதட்டிவிட்டார்கள், நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினார்கள். அவர் சொன்னதன் சாரம் மூன்று: நாயகனின் கோபம் ஒரு முகமூடி, உள்ளே முதல் நாளிலிருந்தே அன்பு இருக்கிறது, அது விதி போட்ட முடிச்சு, நாயகியே மன்னித்துவிட்ட பிறகு நமக்கென்ன வழக்கு? மூன்றாவதைத்தான் அவர் ரொம்ப நம்புகிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தாய் நாடகம் பார்க்காதவர்களுக்காக ஒரு நிமிடம். அங்கே இதற்கு ‘லகோன்’ என்று பெயர். சேனல் 3, சேனல் 7 போன்ற தொலைக்காட்சிகளில் இரவுச் செய்திக்கு அப்புறம் வரும். திங்கள் செவ்வாய்க்கு ஒரு கதை, புதன் வியாழனுக்கு ஒரு கதை, வெள்ளி முதல் ஞாயிறு வரை இன்னொன்று. ஒரு பகுதி விளம்பரத்தோடு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும். ஆனால் பேரன் பேத்தி எடுக்கும்வரை இழுக்க மாட்டார்கள். இரண்டு மூன்று மாதத்தில் சுபம். நாயகியை ‘நாங் ஏக்’ என்பார்கள். அந்த ‘ஏக்’ வேறொன்றுமில்லை, நம் காதில் விழுந்து பழகிய ‘ஏக’தான். வில்லி ‘நாங் ராய்’. அப்புறம் ஒரு தனி ரகம் உண்டு, ‘தொப் ஜூப்’. தொப் என்றால் அறை, ஜூப் என்றால் முத்தம். அவன் பிடித்து இழுப்பான், அவள் அறைவாள், அவன் முத்தமிடுவான், மறுபடி அறை. இன்றைய வழக்கே இந்த ரகத்தைப் பற்றித்தான்.

முதல் சாட்சியாக 2008-இல் சேனல் 3-இல் வந்த ‘ஜம்லோய் ராக்’கை அழைக்கிறேன். பல முறை திரும்பத் திரும்ப எடுக்கப்பட்ட கதை. ஹரித் என்று ஒருவன். அவனுடைய தம்பி, சன்சனீ என்ற பெண் கைவிட்டதால் தற்கொலை செய்துகொள்கிறான். அண்ணனுக்கு ரத்தம் கொதிக்கிறது. சரி, கொதிக்கட்டும். அந்தச் சன்சனீயைத் தூக்கிக்கொண்டு போய்த் தீவில் அடைத்துவைத்துப் பழிவாங்கத் திட்டம் போடுகிறான். தூக்கிக்கொண்டும் போகிறான். யாரை? அவளுடைய உறவுக்காரப் பெண் சொராயாவை!

நடுவர் அவர்களே, கூரியர் கொண்டுவருகிற பையன்கூட வாசலில் நின்று ‘பேர் இதுதானே?’ என்று ஒரு தடவை கேட்கிறான். இவன் படகு பிடித்துத் தீவு வரைக்கும் போயிருக்கிறான், கேட்கவில்லை. அவள் சும்மாவும் இருக்கவில்லை. ‘நான் அவள் இல்லை, நான் அவள் இல்லை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நடிப்பு என்கிறான்.

எதிரணித் தலைவி இங்கேதான் ஒரு நல்ல புள்ளியைப் பிடித்தார். ‘உண்மை தெரிவதற்கு முன்பே அவன் மனசு இளகத் தொடங்கிவிட்டதே, அது காதல் இல்லாமல் வேறென்ன?’ என்றார். இளகியது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரே தீவில் ஒரு பெண்ணை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் ஏதோ ஒன்று இளகும். ஆனால் மனசு இளகியவனுக்குக் காது திறந்ததா? அவள் பேச்சை நம்பினானா? ‘என் தம்பியைக் கொன்ற கல்நெஞ்சக்காரி இப்படியா நடந்துகொள்வாள்?’ என்று அவனுக்கு உறுத்தியதே, அந்த உறுத்தலோடு ஒரு ஆளை ஊருக்கு அனுப்பி விசாரித்திருக்கலாமே? செய்யவில்லை. அவனுக்கு அவள் யார் என்று தெரிந்துகொள்ளத் தேவை இருக்கவில்லை. கோபத்தை இறக்கிவைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது, கிடைத்தாள். உண்மை வெளியானதும்தான் தலையில் கைவைக்கிறான், உருகுகிறான், பின்னாலேயே சுற்றுகிறான். காசைப் பறிகொடுத்தவன் தப்பான ஆளை அடித்துவிட்டால், அப்புறம் அவனுக்கு டீ வாங்கிக்கொடுப்பான், வீடு வரை கொண்டுபோய் விடுவான். அதைப் பார்த்துவிட்டு ‘அடடா, என்ன நட்பு!’ என்று யாராவது சொல்வோமா?

அடுத்து ‘சவான் பியாங்’. அதே 2008, அதே சேனல் 3. கென் தீராதேத்தும் ஆன் தோங்பிரசோமும் நடித்தது. இதைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. நானும் அழுதேன், மறைக்கவில்லை. கவீயின் பணக்கார அப்பாவை லீலா என்ற பெண் மணக்கிறாள். மகனுக்கு லீலா மேல் வன்மம். அந்த வன்மம் யார் தலையில் விடிகிறது? லீலாவின் தங்கை நரின் தலையில். பலாத்காரம் வரைக்கும் போகிறது. மறுபடியும் பாருங்கள், கோபம் ஒருத்தி மேல், தண்டனை இன்னொருத்திக்கு. கதாசிரியர்களுக்கு இது தற்செயல் இல்லை. நாயகி குற்றமற்றவளாக இருந்தால்தான் நாயகன் பின்னால் வருந்த முடியும். அவன் வருந்தினால்தான் கடைசி வாரம் ஓடும். குற்ற உணர்ச்சிதான் இந்த வண்டியின் எஞ்சின், காதல் அதன் மேல் அடித்த பெயின்ட்.

‘சவான் பியாங்’கின் பின்பாதியில் கவீ நொறுங்கிப் போவது பிரமாதமான நடிப்பு. அங்கே அவன் கண்ணில் இருப்பது என்ன என்று ரசிகர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். நான் பார்த்தவரையில், செய்ததைத் திருப்பி எடுக்க முடியாதவன் கண் அது. தூக்கம் வராதவன் கண். அவள் மன்னித்தால் இவனுக்குத் தூக்கம் வரும். இந்தக் கெஞ்சலில் பாதி அவனுக்காக அவனே கெஞ்சுவது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தாய்லாந்துத் தொலைக்காட்சியில் யாராவது சிகரெட்டைக் கையில் எடுத்தால் அதை மங்கலாக்கிவிடுவார்கள். மதுக் கோப்பையும் அப்படித்தான். நெற்றியில் வைத்த துப்பாக்கியும் அப்படித்தான். நாயகன் நாயகியைக் கையைப் பிடித்து அறைக்குள் தள்ளுகிற காட்சி மட்டும் பளிச்சென்று தெரியும். பின்னணியில் மெலடி வேறு. அந்த மெலடிதான் நம்மை ஏமாற்றுகிறது. ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், அது காதல் காட்சியா என்று உங்களுக்கே தெரியும்.

ஏமாற்றுவது இசை மட்டுமில்லை, முகமும்தான். நடிகர் நடேத்தும் நடிகை யாயாவும் 2010-இல் ஒன்றாக நடிக்கத் தொடங்கினார்கள். ரசிகர்கள் அவர்களைக் ‘கூ ஜின்’ ஆக்கினார்கள், அதாவது மனசுக்குள்ளேயே சேர்த்துவைக்கிற கற்பனை ஜோடி. பிறகு நிஜத்திலும் காதலர்கள் ஆனார்கள். அப்படி ஒரு ஜோடி திரையில் வந்தால் கதாபாத்திரம் என்ன செய்தாலும் நமக்குக் கோபம் வராது. ‘அவன் அப்படிப்பட்டவன் இல்லை’ என்போம். யார் அப்படிப்பட்டவன் இல்லை? நடிகர் அப்படிப்பட்டவர் இல்லை. பாத்திரம் அப்படிப்பட்டவன்தான், இப்போதுதானே கண்ணெதிரே செய்தான்!

இதையே ஒரு பெண் செய்தால் என்ன ஆகிறது? 2012-இல் வந்த ‘ரேங் ஙாவ்’ எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி இருக்கிற மேலதிகாரியிடம் ஏமாந்து முத்தா உயிரை விடுகிறாள். அவளுடைய இரட்டைச் சகோதரி முனின், முத்தாவாகவே வேஷம் போட்டு அதே அலுவலகத்துக்கு வந்து அந்த மனிதனை மயக்குகிறாள். சிரிக்கிறாள், குழைகிறாள், தோளில் சாய்கிறாள். பார்த்தவர்களில் ஒருவராவது ‘உள்ளுக்குள் அவளுக்கு அவன்மேல் காதல்’ என்று சொன்னார்களா? இல்லை. பழி என்று எல்லோருக்கும் தெரிந்தது. பெண் அன்பாக நடந்தால்கூட அது பழிதான் என்று கண்டுபிடிக்கிற நமக்கு, ஆண் பழிவாங்கும்போது மட்டும் அது எப்படி அன்பாகத் தெரிகிறது? எதிரணியில் யாராவது எழுந்து பதில் சொல்லட்டும்.

சரி, விதிக்கு வருவோம். ‘முற்பிறவித் தொடர்பு, கர்மம், நீங்கள் நோக்கம் தேடுவதே தப்பு’ என்றார் எதிரணித் தலைவி. தாய் நாடகத் தலைப்புகளிலேயே கர்மம் இருக்கிறது என்பது உண்மை. ‘கூ கம்’ என்றால் கர்மத்தால் கட்டுண்ட ஜோடி, அந்தக் ‘கம்’ நம் கர்மம்தான். ‘புப்பே சன்னிவாத்’ பாலி மொழிச் சொல். முன்பிறவியில் ஒன்றாக வாழ்ந்தது என்று பொருள். 2016-இல் ஒரு நாடகத்துக்கு ‘பதிவரதா’ என்றே பெயர் வைத்தார்கள், நம்முடைய பதிவிரதைதான் படகேறிப் போயிருக்கிறாள். ஆனால் விதி இரண்டு பேரை ஒரே வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். உள்ளே போனதும் எப்படி நடந்துகொள்வது என்பது அவரவர் பாடு.

அதற்குச் சாட்சி அதே ‘புப்பே சன்னிவாத்’. 2018-இல் 15 பகுதிகள் ஓடியது. நாட்டையே கிறுக்காக்கியது என்றால் மிகையில்லை. ஜனங்கள் பழங்கால உடை உடுத்திக்கொண்டு பழைய தலைநகரான அயுத்தயாவின் வாட் சைவத்தனாராம் கோயிலில் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். கதை இதுதான். கேத்சுராங் என்ற இந்தக் காலத்துத் தொல்லியல் மாணவி விபத்தில் இறக்கிறாள். நாராய் மன்னர் காலத்து அயுத்தயாவில், அதாவது 17-ஆம் நூற்றாண்டில், கரகேத் என்ற பெண்ணின் உடம்பில் அவள் உயிர் புகுகிறது. கரகேத் லேசுப்பட்டவள் இல்லை. பொறாமையில் படகைக் கவிழ்க்கச் செய்து, அதில் ஒரு வேலைக்காரப் பெண் செத்துப் போகிறாள். குற்றவாளியைக் கண்டுபிடிக்க வீட்டில் கிருஷ்ணகாளி மந்திரம் ஓதுகிறார்கள்; கரகேத்தின் உயிர் போகிறது, அந்த இடத்துக்குத்தான் இவள் வருகிறாள். கரகேத்துக்கு நிச்சயிக்கப்பட்டவன் தேத். அவனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. நியாயமான வெறுப்பு, பாருங்கள், சரியான ஆள்மேல் இருக்கிற வெறுப்பு.

அப்புறம் என்ன செய்கிறான்? பார்க்கிறான். முன்பு வேலைக்காரர்களை அடித்தவள் இப்போது அவர்களோடு உட்கார்ந்து ஆற்று இறால் சுட்டுத் தின்கிறாள். மாங்காயை இனிப்பு மீன் சாற்றில் தொட்டு நீட்டுகிறாள். யாருக்கும் புரியாத வார்த்தை பேசுகிறாள். அவனுக்குச் சந்தேகம். ஒளிந்து பார்க்கிறான், கேள்வி கேட்கிறான், முகம் சுளிக்கிறான், மறுபடி பார்க்கிறான். கடுமையாகப் பேசுவதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவனுடைய மாற்றம் எந்த ரகசியம் உடைந்ததாலும் வரவில்லை. ‘ஐயோ தப்புச் செய்துவிட்டேனே’ என்று வரவில்லை. எதிரே இருக்கிறவளைத் தினமும் பார்த்துப் பார்த்து வந்தது.

நடுவர் அவர்களே, என் வழக்கு மொத்தமும் இங்கேதான் இருக்கிறது. இரண்டு உடம்பில் இருந்த இரண்டு பெண்களை ஹரித்தால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரே உடம்பில் வந்துபோன இரண்டு பெண்களை தேத் பிரித்துப் பார்த்தான். எது காதல் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது மன்னிப்பு. ‘நாயகியே மன்னித்துவிட்டாளே’ என்ற வாதம். மன்னித்தது அவள் பெருந்தன்மை. அதை எப்படி அவனுடைய காதலுக்கு ரசீதாகக் காட்டுகிறீர்கள்? இன்னொரு விஷயம், மன்னிப்பதுதான் அந்த நாட்டுப் பெண்ணின் மரபு என்றும் ஒரு வார்த்தை விட்டார். அதற்குப் பதில் அவர்களுடைய ராமாயணமான ‘ராமகியெ’னிலேயே இருக்கிறது. அங்கே ஒரு அரக்கி வேலைக்காரியாக வந்து, தொசகன், அதாவது ராவணன், எப்படி இருப்பான் என்று வரைந்து காட்டச் சொல்கிறாள். சீதா வரைகிறாள். படம் ராமன் கண்ணில் படுகிறது. பொறாமையில் அவளைக் கொன்றுவிடச் சொல்லித் தம்பியை அனுப்புகிறான். தப்பிப் பிழைத்துக் காட்டில் முனிவரிடம் இருக்கிறாள். அப்புறம் ராமனுக்கு உண்மை தெரிகிறது, வருந்துகிறான், கூப்பிடுகிறான். வரமாட்டேன் என்கிறாள். என்ன செய்தான் தெரியுமா? செத்துப்போனதாக நாடகம் போட்டான்! ஈமப் பேழை வைத்து, அவளை வரவழைத்து, அவள் அழுதுகொண்டிருக்கும்போது வெளியே வந்தான். அவள் ‘சரி, பிழைத்தீர்களே’ என்று காலில் விழவில்லை. பாதாளத்துக்கு நாகர் உலகத்துக்கே இறங்கிப் போய்விட்டாள். கடைசியில் ஈசுவரனே பஞ்சாயத்துக்கு வந்து சேர்த்துவைக்க வேண்டியிருந்தது.

கடவுள் அவதாரத்துக்கே இந்தக் கதி. கவீக்கும் ஹரித்துக்கும் மட்டும் கடைசிப் பகுதியில், விளம்பர இடைவேளைக்கும் பெயர்ப் பட்டியலுக்கும் நடுவில், பத்து நிமிடத்தில் மன்னிப்புக் கிடைத்துவிடுகிறது.

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு கேள்வியை மட்டும் எதிரணி மேஜையில் வைத்துவிட்டு உட்காருகிறேன். அன்றைக்கு ஹரித் ஆள் மாறாமல், அவன் தேடிய சன்சனீயையே சரியாகப் பிடித்துத் தீவுக்குக் கொண்டுபோயிருந்தால், அவளிடம் அவன் அதையெல்லாம் செய்திருந்தால், அதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருப்பீர்கள்? அடுத்துப் பேச வருகிறவர் அதைச் சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்கட்டும். வணக்கம்.