ராயபுரத்துக்கு வராத மணல்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வடசென்னைக் கரையில் இருக்கும் நம் ராயபுரத்தின் பேரிலேயே கடல் இருக்கிறது. ராயப்பர் என்றால் இயேசுவின் சீடர் பேதுரு. வலை வீசிப் பிழைத்தவர். படகோட்டிகள் குடியிருந்த கரைக்கு வேறு எந்தப் புனிதர் பொருந்துவார்?

புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது 1640-இல். துறைமுகச் சுவர்கள் முடிந்ததோ 1881-இல். இடைப்பட்ட காலமெல்லாம் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரையேற வேண்டும். அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து, இணைப்பில் வைக்கோல் திணிப்பார்கள். உள்ளே விலாச் சட்டமும் இல்லை. அலை தூக்கித் தரையில் அடித்தால் பலகை வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த படகு அதே அடியில் பிளந்துவிடும். தையல் ஒழுகும்தான், தண்ணீர் இறைக்கவே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான்.

1856-இல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. 1861-இல் சரக்கு இறக்கக் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் வந்தது. 1876-இல் துறைமுக வேலை ஆரம்பமானது. முடிந்த 1881-லேயே நவம்பர் புயல் சுவர்களை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். புயலாவது ஒரு நாள் கூத்து. மணல் அப்படியல்ல.

நம் மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்பார்கள். ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதம் அலை மணலை வடக்கே தள்ளும். வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். கணக்குப் பார்த்தால் மிச்சம் வடக்குக்குத்தான். குறுக்கே சுவர் நின்றதும் அந்த மணல் தெற்கே தங்கிவிட்டது. மெரினா அகலமானது அப்படித்தான். கிழக்கு வாசலும் தூர்ந்ததால், 1904-இல் துறைமுகப் பொறுப்பேற்ற பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை அடைத்து, வடகிழக்கில் வாசல் திறந்தார்.

கப்பலுக்கு வழி கிடைத்தது. வடக்குக் கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடல் வரிசையாக அரித்தது.

கல் கொட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். நேர்ச்சுவராகக் கொட்டிய கல்லில் மோதிய அலை, திரும்பும்போது அடிமணலைப் பறிக்கும். கல் சரியும், மேலே இன்னொரு லோடு கொட்ட வேண்டும். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கல் அடுக்கும் தூண்டில் வளைவு போட்டால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே அடுத்த குப்பத்தில் அரிப்பு தொடங்கும். வளைவுகளை வரிசையாகப் போட்டு, இடைவெளியில் மணலையும் நிரப்பினால்தான் கொஞ்சம் தாங்கும். அப்போதும் வரிசையின் கடைசிக் குப்பம் அரிபடும். அங்கே படகு ஏற்றவும் வலை காயவைக்கவும் மணல் கிடையாது, கல்தான்.