டீ கிளாஸை அழுத்திப் பாருங்கள்: தோலுக்கடியில் ரத்தத் திட்டுகள்

[காட்சி: பாம்பன் கரை. வலை பிரிக்கும் முதியவரின் முன்கை, மிக அருகில்]

வணக்கம். இந்தக் கையில் கத்தரிப்பூ நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறதே, தெரிகிறதா? எங்கேயும் இடித்துக்கொண்டதாக நினைவில்லை என்கிறார் ஐயா.

[காட்சி: டீக்கடை. காலியான கண்ணாடி கிளாஸ்]

கிளாஸின் பக்கவாட்டைத் திட்டின் மேல் வைத்து அழுத்துங்கள். டீயைக் குடித்து முடித்த பிறகுதான்! கொசுக்கடித் தடிப்பு என்றால் வெளிறும். ரத்தம் குழாய்க்குள் இருப்பதால் ஒதுங்கிக்கொள்கிறது. வெளிறாவிட்டால், ரத்தம் குழாயை விட்டுக் கசிந்து தோலுக்கடியில் தங்கிவிட்டது. அதுதான் பர்ப்யூரா. குண்டூசித் தலை அளவுப் புள்ளிகளாகவும் வரும். கறுத்த தோலில் சட்டென்று தெரியாது. உள்ளங்கால், வாயின் உட்புறம், கண்ணிமையின் உட்புறம் பாருங்கள்.

[காட்சி: கரையில் ஏற்றிய நாட்டுப்படகு. பலகை இடுக்கில் பஞ்சு]

ஏன் கசிகிறது? படகுக்குள் தண்ணீர் வந்தால் பஞ்சு போயிருக்கலாம், பலகையே உளுத்திருக்கலாம். ரத்தத்தில் அந்தப் பஞ்சுதான் பிளேட்லெட், அதாவது கசிவை அடைக்கும் தட்டணு. ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டும். டெங்குவில் குறையும். சில குழந்தைகளுக்குச் சளி, காய்ச்சல் வந்து போன பிறகு உடலின் எதிர்ப்புச் சக்தியே பிளேட்லெட்டை அழிக்கும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும்.

ஆனால் நம் ஊரில் திட்டைப் பார்த்ததும் பிளேட்லெட் ஏறும் என்று பப்பாளி இலை பறிக்க ஓடுகிறோமே, அங்கேதான் சிக்கல். பலகை கெட்டிருந்தால்? சளி பிடித்துப் போன பிள்ளைக்குக் கால்களிலும் பிட்டத்திலும், தடவினால் மேடாகத் தெரியும் திட்டுகள் வரும். முட்டி வீங்கும், வயிறு வலிக்கும். ரிப்போர்ட்டில் பிளேட்லெட் நார்மல்! ரத்தக்குழாய்ச் சுவரில்தான் அழற்சி. திட்டு மறைந்ததும் விட்டுவிடாதீர்கள். சிறுநீரகத்தைத் தொடக்கூடும் என்பதால் சுமார் 6 மாதம் அவ்வப்போது சிறுநீர்ப் பரிசோதனை தேவை.

சரி, ஐயாவின் கை? பல வருட வெயிலும் வயதும் சேர்ந்து, குழாய்களைத் தாங்கும் தோல் மெலிந்துவிட்டது. லேசாக உரசினாலே கசியும். சில வாரங்களில் மங்கி, பழுப்புத் தடம் விடும். பயமில்லை. இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள்.

[காட்சி: உடைமரக் காடு, மணல்]

அப்புறம், சுருட்டை விரியன். அது கடித்தால் ரத்தம் உறையும் தன்மையே போய்விடும்; ஈறில் கசியும். மருத்துவமனையில் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். சாய்த்ததும் தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், கட்டாதீர்கள்.

காய்ச்சலோடு வெளிறாத திட்டு வந்தாலோ, மூக்கிலோ மலத்திலோ ரத்தம் போனாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். கொடுத்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.