பெயர் அட்டையும் ஒரு நோட்டுப் பக்கமும்

(மாணவர் ஓவியக் கண்காட்சித் திறப்பு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும், முன்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

அருங்காட்சியகம் என்றதும் நமக்கு முதுமக்கள் தாழியும் செப்புத் திருமேனியும்தான் ஞாபகத்துக்கு வரும். அப்படிப்பட்ட ஒரு கூடத்தில் இன்று உங்கள் படங்கள் தொங்குகின்றன. பிள்ளைகளைத் தட்டிக்கொடுக்கச் செய்கிற காரியம் இது என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரிடம் போக வேண்டும்.

1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர் அவர். தந்தித் துறையில் வேலை பார்த்தார், இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தார். அதற்கெல்லாம் பிறகுதான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் அப்போது அங்கே தலைமை. 1957இல் அந்தப் பொறுப்புக்குப் பணிக்கரே வந்தார்.

அவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்களின் முன்னால் நின்றால் முதலில் கண் எழுத்தைத் தேடும். மலையாளம் மாதிரி இருக்கும், கூட்டி வாசிக்கப் போனால் ஒரு சொல்லும் தேறாது. நடுநடுவே ஜாதகக் கட்டம் போலச் சதுரங்கள், கணக்குக் குறிகள், சின்னச் சின்ன உருவங்கள். வாசிக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் நாம் பார்க்கவே தொடங்குகிறோம். தென்னிந்திய நவீன ஓவியம் தனக்கென்று ஒரு மொழியைக் கண்டுகொண்ட இடங்களில் இது முக்கியமானது.

இந்த மொழி அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? பிள்ளைகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். 1963இல் ஒரு கணித மாணவரின் நோட்டுப் புத்தகப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்கள், ஆங்கில எழுத்துகள், வடிவியல் கோடுகள். நீங்கள் தினமும் எழுதித் தள்ளுகிற அதே பக்கம்தான். அதுதான் தன்னைத் தூண்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒரு கல்லூரியின் முதல்வர், ஒரு மாணவரின் நோட்டை ஓவியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறார்!

பிள்ளைகளின் படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைக்கவில்லை.

தன் மாணவர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். படித்து முடித்தால் ஓவியம் சோறு போடுமா என்ற கேள்வி அன்றும் இருந்தது. அவரும் மாணவர்களும் மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கி, ஓவியர்கள் சேர்ந்து வாழ ஒரு கிராமம் அமைத்து, சோழமண்டலம் என்று பெயர் வைத்தார்கள். அங்கே இருந்தவர்களில் கே. ராமானுஜம் ஒருவர். உலகத்தோடு எளிதாகப் பேசிப் பழக முடியாத மனிதர். பேனாவும் மையும் கொடுத்தால் கோபுரமும் மாடமும் விநோத விலங்குகளுமாக ஒரு நகரமே எழும்பும். அதற்குள் தொப்பி போட்ட ஓர் ஆள் இருப்பார். அது ராமானுஜம்தான். அவர் போட்ட கோடுகளைப் பணிக்கர் இழுத்துப் பிடித்துத் திருத்தியிருந்தால் அந்த நகரம் நமக்குக் கிடைத்திருக்காது.

நான் திருத்தியிருக்கிறேன். அதை இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். ஓவிய ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், ஒரு மாணவி தன் ஆத்தா பூக்கட்டுவதை வரைந்து வந்தாள். கைகள் இரண்டும் முகத்தைவிடப் பெரியவை, விரல்கள் வாழைப்பூ மாதிரி. கண்காட்சிக்குப் போகிற படமாயிற்றே என்று ரப்பரை எடுத்து அழித்து, அளவாகக் கைகளைப் போட்டுக் கொடுத்தேன். கண்காட்சி அன்று அவள் அம்மாவைக் கூட்டிவந்து படத்தின் முன் நிறுத்தினாள். “இது சார் வரைஞ்சதும்மா” என்றாள். கோபமே இல்லாத குரல். கீழே அட்டையில் அவள் பெயர் இருந்தது. நாள் முழுக்கப் பூக்கட்டுகிற கையை அவள் பார்த்த அளவில்தான் வரைந்திருந்தாள். எனக்கு அது அன்றைக்குத்தான் புரிந்தது.

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் பணிக்கருக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. அங்கே படங்களுக்குக் கொடுக்கிற மரியாதையை இங்கேயும் கொடுங்கள் என்று பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பார்ப்பவர் கண்மட்டத்தில் மாட்டுங்கள். பிள்ளை எந்தப் பக்கம் மேலே என்று சொல்கிறதோ அந்தப் பக்கமே மேலே இருக்கட்டும். செலோடேப்பைப் படத்தின் மேல் ஒட்டாதீர்கள். பெற்றோர்களே, “இது என்ன?” என்று கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் சும்மா நின்று பாருங்கள்.

இன்னும் ஒன்று. வரும்போது கவனித்தேன், இடது பக்கம் ஜன்னலோரமாக, பச்சை மாடு வரைந்த படத்துக்குக் கீழே பெயர் அட்டை இல்லை. அந்தப் பிள்ளை இங்கேதான் இருக்கும். பெயரைக் கேட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். ரிப்பனை அதற்கப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.