கேப்டனின் கையும் ஒரு சின்ன ஆணியும்

நேயர்களுக்கு வணக்கம். விமானப் பராமரிப்புப் பொறியாளனாக இருந்த காலத்தில் நான் அதிகம் கைவைத்தது சக்கரத்திலும் பிரேக்கிலும்தான். ஓடத் தொடங்கிய விமானத்தை மேலே எழுப்பாமல் பாதியில் நிறுத்துகிறார்களே, அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ‘ரிஜெக்டட் டேக்-ஆஃப்’ என்பார்கள். எங்களுக்கு அது ஆர்டிஓ.

விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது இன்ஜினின் உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவர்மேல் கேப்டனின் கை இருக்கும். துணை விமானி ஓட்டினாலும் பெரும்பாலான நிறுவனங்களில் அந்தக் கை கேப்டனுடையதுதான், ஏனென்றால் நிறுத்தும் முடிவு அவருடையது. விமானத்தின் வேகத்தை ‘நாட்’ கணக்கில் சொல்வார்கள். போயிங்கில் 80 நாட், ஏர்பஸ்ஸில் 100 நாட் வந்ததும் ஒரு குரல் கேட்கும். அதற்கு முன்பு சின்னக் கோளாறு தெரிந்தாலும் நிறுத்திவிடலாம். அதன் பிறகு இன்ஜின் பழுது, தீ, விமானம் பறக்கவே பறக்காது என்ற நிலை, இப்படிப் பெரிய காரணம் வேண்டும். அப்புறம் ‘வி-ஒன்’. நிறுத்துவதாக இருந்தால் இந்த வேகத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்று புறப்படும் முன்பே கணக்குப் போட்டு வைத்த எல்லை அது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் கேப்டன் லீவரிலிருந்து கையை எடுத்துவிடுவார். அங்கேயே இருந்தால், பதற்றத்தில் கை தானாகப் பின்னால் இழுத்துவிடும்.

நிறுத்துவது என்று முடிவானால் செக்லிஸ்ட்டைப் புரட்ட நேரம் ஏது? எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். போயிங் 737-ல் கேப்டன் லீவரை முழுக்கப் பின்னால் இழுத்து, இன்ஜின் விசையைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ-த்ராட்டிலைத் துண்டிப்பார். ஆட்டோபிரேக் சுவிட்ச் முன்கூட்டியே ஆர்டிஓ நிலையில் இருக்கும். 90 நாட்டுக்கு மேல் லீவர் பின்னுக்கு வந்தாலே பிரேக் முழு அழுத்தத்தில் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே தானாகப் பிடிக்காது, காலால்தான் மிதிக்க வேண்டும். கூடவே இறக்கையின் மேல் ஸ்பாய்லர்கள், அதாவது தூக்குவிசையைக் குறைக்கும் தகடுகள், எழும்ப வேண்டும். இது மிக முக்கியம். இறக்கை தூக்கிக்கொண்டிருக்கும்வரை சக்கரத்தில் பாரம் இறங்காது. பாரம் இறங்காத சக்கரம் எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் வழுக்கத்தான் செய்யும். கடைசியாக, இன்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸர். துணை விமானி இவை ஒவ்வொன்றும் நடந்ததா என்று பார்ப்பார், விட்டுப்போனதை உரக்கச் சொல்வார், கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தகவல் கொடுப்பார். விமானம் நின்ற பிறகுதான் செக்லிஸ்ட் கைக்கு வரும்.

சரி, அந்த வேகமெல்லாம் எங்கே போகிறது? 79 டன் எடையுள்ள ஒரு 737-800, 150 நாட்டில், அதாவது மணிக்கு சுமார் 280 கிலோமீட்டரில் ஓடும்போது அதிலுள்ள ஆற்றல், 800 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். காற்றும் ரிவர்ஸரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியெல்லாம் நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் பிரேக் தட்டுகளில் வெப்பமாக இறங்குகிறது. விமானம் நின்றுவிட்டது, ஆபத்து முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பிரேக்கின் வெப்பமானி உச்சத்தைக் காட்டுவதே நின்று 10, 15 நிமிடம் கழித்துத்தான். டயர் வெடிக்காமல் இருக்க, சக்கரத்தில் பதித்திருக்கும் உலோக அடைப்புகள் உருகிக் காற்றை வெளியேவிடும். அப்படியிருந்தும் தீயணைப்பு வீரர்கள் பக்கவாட்டில் நெருங்க மாட்டார்கள். முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் வருவார்கள்.

இந்தத் தட்டுகள் தேய்பவை. இங்கேதான் 1988 மே 21-ஐச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் டல்லஸ்-ஃபோர்ட் வொர்த் நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-10 ஒன்று புறப்பட ஓடியபோது எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வி-ஒன் வேகத்தையொட்டி கேப்டன் நிறுத்த முனைந்தார். 10 பிரேக்குகளில் 8 கைவிட்டுவிட்டன. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் நின்றது. யாரும் இறக்கவில்லை. அந்த பிரேக்குகளில் பல நன்றாகத் தேய்ந்திருந்தன. ஆனால் விதிப்படி அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான். தவறு விதியில் இருந்தது. அதற்கு முன்பு விமானத்துக்குச் சான்று தரும் சோதனையைப் புது பிரேக்கோடு செய்துவந்தார்கள். இந்த விபத்துக்குப் பிறகு, அனுமதிக்கப்பட்ட கடைசி அளவுவரை தேய்ந்த பிரேக்கோடு நிறுத்திக் காட்ட வேண்டும் என்று ஆனது. நின்ற பிறகு 5 நிமிடம் தீயணைப்பு வண்டி பக்கத்தில் வரக் கூடாது. தணலாய்ச் சிவந்த பிரேக்கிலிருந்து தீ விமானத்துக்குப் பரவவும் கூடாது. 90-களில் போயிங் 777 இப்படித்தான் சோதிக்கப்பட்டது.

பிரேக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் காட்ட அதன் உடம்பிலேயே சின்ன ஆணி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தட்டுகள் தேயத் தேய அது உள்ளே போகும். மட்டத்துக்கு வந்துவிட்டால் பிரேக்கை மாற்ற வேண்டும். பார்க்கிங் பிரேக் போட்டபிறகுதான் அதைப் பார்க்க வேண்டும். போடாமல் பார்த்தால் ஆணி பொய் சொல்லும். இரவு ஷிப்டில் புதிதாக வந்த பையன் ஒருவன் டார்ச் அடித்துவிட்டு “நிறைய இருக்கு சார்” என்றான். மேலே ஆளை அனுப்பிப் பார்க்கிங் பிரேக் போடச் சொன்னேன். மறுபடி குனிந்து பார்த்தவன், எழுந்து ஒன்றும் பேசாமல் ஜாக் எடுத்துவரப் போனான்.

வணக்கம்.