முதலில் உடம்பு, பிறகு குரல், கருவி கடைசியில்

அவையில் கூடியிருக்கும் ஆசிரியர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இசை வகுப்பு என்றதும் முதலில் எழும் கேள்வி, "என்னென்ன கருவி வாங்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். தாளம் முதலில் உடம்பில் ஏற வேண்டும். அடுத்துக் குரல். கருவி அதற்கும் பிறகுதான்.

சுவிட்சர்லாந்தின் இசையமைப்பாளர் எமில் ஜாக்-டால்குரோஸ் 1892-ல் ஜெனீவா இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். விரல்கள் நன்றாக ஓடும் மாணவர்கள்கூடத் தாளத்தை உணராமல் வாசிப்பதைக் கண்டு, நடந்தும் கை வீசியும் தாளம் பழகும் முறையை வகுத்தார். வளர்ந்த மாணவர்களுக்கே அந்தப் பாடம் தேவைப்பட்டது. நம்மிடம் வருகிற பிள்ளைகளோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வயதில் இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துத் தொடங்குவது எவ்வளவு பெரிய இழப்பு!

வேகத்திலிருந்து ஆரம்பிப்போம். பெரியவர்கள் இயல்பாகத் தட்டும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தட்டு. சின்னப் பிள்ளைகளின் வேகம் அதைவிடக் கூடுதல், 130-ஐயும் தாண்டும். நாம் 80-ல் பாட்டை எடுத்துவிட்டு, "யாருக்கும் தாளம் நிற்கவில்லை" என்று சலித்துக்கொள்கிறோம். மெதுவாக நடப்பது எளிது என்று நினைக்காதீர்கள். ஒரு காலில் கூடுதல் நேரம் நிற்க வேண்டியிருப்பதால் மூன்று வயதுக்கு அதுதான் கடினம். ஆகவே முதல் சில வாரங்கள் பிள்ளை நடக்கட்டும், அந்த நடைக்கு நீங்கள் டிரம் தட்டுங்கள். டிரம் நின்றால் நிற்க வேண்டும் என்ற ஒரே ஒரு விதி போதும். அது பழகிய பின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். அப்போது பிள்ளைகள் உங்கள் தட்டுக்குக் காது கொடுக்கத் தொடங்கியிருப்பார்கள்.

கைதட்டலும் தோன்றுகிற அளவுக்குச் சுலபமில்லை. இரண்டு கைகளும் நடுவில் ஒரே நொடியில் சந்திக்க வேண்டும். அதற்கு முன்னால் இரு கைகளாலும் ஒன்றாகத் தொடையில் தட்டச் சொல்லுங்கள். வலது, இடது என்று மாற்றித் தட்டுவது பிறகு வரும். ஆடும்போது பாட்டை விட்டுவிடுவார்கள், பாடும்போது கால் நின்றுவிடும். இரண்டும் சேர நாளாகும், அதைத் திருத்த வேண்டாம். இன்னொன்று, ஒலிபெருக்கியை அணைத்துவையுங்கள். பதிவு செய்த தாளத்தோடு சேர முடியாமல் தடுமாறும் பிள்ளைகூட, எதிரே உட்கார்ந்து தட்டும் மனிதரோடு நன்றாகச் சேர்ந்துகொள்ளும். உங்கள் தோள் அசைவதும் கை உயர்வதும் அடுத்த தட்டு எப்போது விழும் என்பதை அதற்கு முன்கூட்டியே காட்டிவிடுகின்றன.

இனிக் குரல். அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான், சற்று நின்று பேசுகிறேன்.

பெண் ஆசிரியர்கள் பலர் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடிப் பழகியவர்கள். கட்டை என்பது சுருதியின் அளவு; அவர்களுடைய ஐந்து கட்டை, கீபோர்டின் நடு 'ஸி'-க்குக் கீழே இருக்கிறது. அந்த ஸட்ஜத்துக்கு, அதாவது அடிப்படை 'ஸ'-வுக்கு, பிள்ளையின் குரல் இறங்காது. இறக்கப் பார்த்தால் பாட்டு பேச்சாகிவிடும். கீபோர்டில் நடு 'ஸி'-க்கு அடுத்த 'டி'-யை, அதாவது இரண்டு கட்டையை, ஸட்ஜமாக வையுங்கள். அங்கிருந்து பஞ்சமம் ('ப') வரைதான் இந்த வயதுக்கு வசதியான எல்லை. ஆண் ஆசிரியர் பாடுவது ஒரு ஸ்தாயி, அதாவது எட்டு ஸ்வர அடுக்கு, கீழே ஒலிக்கும், பிள்ளை எதைப் பிடிப்பது என்று குழம்பும். அவர் தம் பொய்க்குரலில், அதாவது மெல்லிய மேல்குரலில், பாடிக் காட்டலாம், அல்லது சுருதி சேர்ந்த பிள்ளை ஒன்றை முதலில் பாடவிடலாம்.

எந்த ஸ்வரத்தில் தொடங்குவது? ஹங்கேரியின் இசையமைப்பாளர், இசைக் கல்வியாளர் ஸோல்டான் கோடாய் வழிவந்த ஆசிரியர்கள் 'ஸோ–மி' என்ற இறங்கு இடைவெளியில் தொடங்குகிறார்கள். நம் கணக்கில் அது பஞ்சமமும் ('ப') அந்தர காந்தாரமும் ('க'). பெயர் கூப்பிடுவதையே பாட்டாக்குங்கள்: "மா-லா எங்-கே?" ப க ப க. பிள்ளையின் பதில், "இங்-கே", ப க. இரண்டு நிமிடத்தில் வகுப்பு முழுவதையும் தனித்தனியாகக் கேட்டுவிடலாம், யாருக்கும் தேர்வு என்ற அச்சம் இராது. பிறகு தைவதம் ('த') சேருங்கள், அதன்பின் ரிஷபமும் ('ரி') ஸட்ஜமும். வந்து நிற்பது ஐந்து ஸ்வர மோகன ராகம். ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் அரை ஸ்வர நெருக்கமே இல்லாததால் வழுக்கி விழ இடமில்லை. கர்நாடக இசையில் தொடக்கப் பாடத்துக்கு எடுக்கும் மாயாமாளவகௌளை ராகத்தின் நெருக்கங்கள் ஏழெட்டு வயது வரை காத்திருக்கலாம்.

சுருதி சேராத பிள்ளையிடம் "உரக்கப் பாடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். உரக்கச் சொன்னால் நெஞ்சுக்குரலில் கத்தும், மேலே போகவே முடியாது. ஆம்புலன்ஸ் போல "ஊ" என்று கீழிருந்து மேலேற்றி இறக்கச் சொல்லுங்கள், மேல்குரல் இருக்கும் இடம் தானாகப் பிடிபடும். அதுவும் வராவிட்டால், அந்தப் பிள்ளை நிற்கும் சுருதிக்கு நீங்கள் இறங்கிப் போய், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே அழைத்து வாருங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். பல வாரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வீட்டில் முழுப் பாட்டையும் பாடும்.

பாட்டை வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தால் துண்டு துண்டாகத்தான் மனத்தில் நிற்கும். நான்கு வரிப் பாட்டை முழுதாகப் பலமுறை பாடுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்பவருக்கு ஒரு வேலை இருக்கட்டும்: இம்முறை தொடையில் தட்டு, அடுத்த முறை எந்த விலங்கு வருகிறது என்று கண்டுபிடி. தாளத்துக்குக் குறிலும் நெடிலுமே நமக்குப் போதும். "வா" ஒரு தட்டு, "பட" என்ற இரு குறில் சேர்ந்து ஒரு தட்டு. "வா வா பட வா" என்று நடந்துகொண்டே சொன்னால் அதுவே முதல் தாளப் பாடம்.

இப்போது கருவி. குச்சிகள் சுமார் 20 செ.மீ. நீளம் போதும், 30 செ.மீ. குச்சி பக்கத்துப் பிள்ளையின் முகத்துக்கு எட்டும். கிலுகிலுப்பை செய்தால் டப்பாவில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் விதை போடாதீர்கள், நிறைத்தால் அசையாது, ஒலிக்காது. மூடியை ஒட்டிவிடுங்கள். விதை மூக்குக்குள் போகும், தொண்டையில் அடைக்கும். கழற்றி மாட்டும் மரப்பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் சைலஃபோன் கிடைத்தால் 'எஃப்', 'பி' இரண்டையும் கழற்றிவிடுங்கள். மிஞ்சுவது 'ஸி'-யை ஸட்ஜமாகக் கொண்ட அதே மோகனம். எதைத் தட்டினாலும் கூடி ஒலிக்கும். ஜெர்மனியின் இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃபின் முறையில் வளர்ந்த உத்தி இது.

கருவியைக் கொடுத்துவிட்டு விளக்கம் சொன்னால் யாருக்கும் கேட்காது. எப்படி வாசிப்பது, எப்போது நிறுத்துவது என்பதை வெறுங்கையால் செய்து முடித்த பிறகே கொடுங்கள். "குச்சி தோளில்" என்றால் ஓய்வு. அரைமணி வகுப்பில் கருவிக்கு ஐந்து நிமிடம் தாராளம். மூன்று வயதினருக்கு மொத்த வகுப்பே 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பாதிப் பேர் வாசிக்க, பாதிப் பேர் பாடட்டும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் பாட்டு அமுங்கிப்போகும்.

கருவிக்குத் தயாரா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தெரிந்த பாட்டைத் தட்டிக்கொண்டே பாடும்போது, கை காட்டியதும் வாயை மூடி, தட்டுவதை மட்டும் தொடரச் சொல்லுங்கள். ஒரு வரி கழித்து மறுபடி கை காட்டுங்கள். எல்லோரும் சரியான சொல்லில் சேர்ந்துகொண்டால் குச்சியைக் கொடுக்கலாம். ஆளுக்கொரு இடத்தில் தொடங்கினால், அந்த வாரமும் தொடையிலேயே தட்டட்டும்.